படிக்கும் வருடத்தில் மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி தேர்வர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்தப் பயிற்சி வகுப்பில் சேரலாம் என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வாங்கிய புத்தகத்தை உட்கார்ந்து படிக்க நேரம் எங்கிருந்து வரும் என்று யாரும் சொல்வதில்லை. நம் பக்கத்தில் படிக்கும் பிள்ளையின் நேரத்தைத் தின்பவை பெரும்பாலும் நல்ல காரியங்கள்தான். அத்தை மகள் வளைகாப்பு, பக்கத்து வீட்டுப் பாட்டியின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், பெங்களூரிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போவது, நண்பனின் கடனுக்கு ஒரு கையெழுத்து. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன உதவி. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பாதிப் பாடத்திட்டம் போயிருக்கும்.

நான் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டில் பட்டுப்புழு வேலையும் பார்த்துக்கொண்டுதான் படித்தேன். உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் மறுப்பது எப்படி என்பதைத் தட்டுத் தடுமாறித்தான் கற்றேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரே பெரியவர் ஒருவர் நின்று கேட்கும்போது யோசித்து மறுக்க நம்மால் முடியாது. வாய் தானாகச் "சரிங்க மாமா" என்று சொல்லிவிடும். அதனால் எதை மறுப்பது என்பதைக் கேட்பவர் வருவதற்கு முன்பே, தனியாக உட்கார்ந்து, தேதியும் தொகையுமாகத் தாளில் தீர்மானித்துவிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுகளே.

1. இலக்கைத் தேதியும் தொகையுமாக எழுதுங்கள்

"இந்த வருடம் நன்றாகப் படிக்கப் போகிறேன்" என்பதைக் காரணமாகச் சொல்லி ஒரு கல்யாணத்தைக்கூட மறுக்க முடியாது. "ஜூலை மாதம் தேர்வு, அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரித் தேர்வு" என்று சொன்னால் கேட்பவர் ஒரு நிமிடம் நிற்பார்.

தேர்வாணையம் தன் இணையதளத்தில் ஆண்டுத் தேர்வு அட்டவணையை வெளியிடுகிறது. அதைப் பார்த்து அறிவிக்கை வரும் மாதத்தையும் தேர்வு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024-இல் குரூப் 4 தேர்வு ஜூன் 9 அன்று நடந்தது. 2025-இல் ஜூலை 12. அதாவது ஒன்று வைகாசி, இன்னொன்று ஆனி. 2025-இல் விண்ணப்பிக்கக் கொடுத்த காலம் ஏப்ரல் 25 முதல் மே 24 வரை. நம் மாவட்டங்களில் அது கல்யாணக் காலம், மாங்காய் அறுவடைக் காலம், கோயில் திருவிழாக் காலம். தேர்வு இந்த மாதங்களில் வந்தால் கடைசிக்கட்டப் படிப்பும் ஊர் வேலைகளும் ஒன்றாக வந்து விழும் என்பதை மனதில் வையுங்கள்.

தாளில் எழுத வேண்டியவை:

தேர்வின் அளவு: 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் தமிழ் 100 கேள்விகள், 150 மதிப்பெண். தமிழில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மறுபகுதி கணக்கிலேயே வராது. மீதியில் பொது அறிவு 75, திறனறிவு 25.

பணம்: ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது 5 வருடத்துக்குச் செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆதரவற்ற விதவைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று முறை இலவசம். பள்ளிப் பாடப்புத்தகங்களை இணையத்தில் செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். ஆக, பணச் செலவு மிகக் குறைவு. நேரம்தான் இந்தத் தேர்வின் உண்மையான விலை. இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் இப்படியே சொல்லுங்கள். "காசு கேட்கவில்லை, நேரம்தான் கேட்கிறேன்" என்பது அப்பா அம்மாவுக்கு உடனே புரியும்.

சான்றிதழ்கள்: சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், கட்டணம் 60 ரூபாய். தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ் மிக முக்கியம், ஏனென்றால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதுபவர்கள் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததைக் காட்ட வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு ஊரிலும் உயர்நிலைப் பள்ளி வேறு ஊரிலும் படித்திருந்தால் இரண்டு இடத்துக்கும் நடக்க வேண்டும். மே மாதம் பள்ளி விடுமுறை, தலைமை ஆசிரியரைப் பிடிப்பது சிரமம். பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். அந்த வேலைக்கான நாட்களையும் தாளில் எழுதுங்கள். அந்த நாட்களில் வேறு யாருக்கும் துணைக்குப் போவதில்லை.

2. தினசரி காலண்டரில் வருடம் முழுவதையும் முன்கூட்டியே பிரியுங்கள்

வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரை எடுங்கள். அதில் முகூர்த்த நாட்கள் அச்சிட்டிருக்கும். முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வரும் நாட்களை முதலில் வட்டமிடுங்கள். பயிற்சி மையங்கள் மாதிரித் தேர்வை ஞாயிறு காலையில்தான் வைக்கும்; கல்யாணங்களும் காதுகுத்துகளும் அன்றுதான் குவியும். உங்கள் வருடத்தின் பெரும்பாலான சண்டைகள் இந்த வட்டங்களுக்குள்தான் நடக்கப் போகின்றன.

அடுத்து நம் ஊர் நாட்கள். தை பிறந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள் ஊர் ஊராகத் தொடங்கும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து கட்டினால் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும், மறுநாள் பகலும் போய்விடும். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல். மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அந்த மாதங்களை உங்கள் அறுவடைக் காலமாக நினையுங்கள். மார்கழிக் காலையில் படித்ததுபோல் நான் வேறு எந்த மாதமும் படித்ததில்லை.

இப்போது உறவினர் பட்டியல். யார் யார் வீட்டில் இந்த வருடம் விசேஷம் வரும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்.

கட்டாயம் போக வேண்டியவை: உடன்பிறந்தவர் கல்யாணம், தாய்மாமனாக நீங்கள் சீர் வைக்க வேண்டிய சடங்கு, நெருங்கிய பங்காளி வீட்டுக் காரியம். இவற்றில் மறுப்பே கிடையாது. அந்த நாட்களில் படிப்பு இல்லை என்று முன்பே எழுதிவிட்டால் மண்டபத்தில் உட்கார்ந்து மனம் அடித்துக்கொள்ளாது.

தலைகாட்டிவிட்டு வர வேண்டியவை: பெரும்பாலான கல்யாணங்கள் இதில் வரும். முந்தின நாள் மாலை வரவேற்புக்குப் போங்கள். ஏழு மணிக்குள் போய், மேடையேறிப் பார்த்து, முதல் பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்பினால் மறுநாள் காலை முழுவதும் உங்களுடையது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மண்டபம் என்றால் உங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுவையுங்கள். "பஸ் போய்விடும்" என்பதைவிட யாரும் கோபித்துக்கொள்ளாத காரணம் கிராமத்தில் இல்லை. காரில் சேர்ந்து போகாதீர்கள். கார் வைத்திருப்பவர் கடைசி ஆள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கிளம்புவார்.

மொய் மட்டும் போக வேண்டியவை: தூரத்து உறவு, அப்பாவின் பழைய நண்பர்கள், வேலை செய்யும் இடத்துப் பழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆள் வராததை ஊர் மன்னிக்கும், மொய் வராததை மன்னிக்காது. வீட்டு மொய் நோட்டை எடுத்து அவர்கள் நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து, அதற்குக் குறையாமல் அம்மா கையிலோ தம்பி கையிலோ கொடுத்தனுப்புங்கள். யார் பெயரில், எந்த ஊர் என்று எழுத வேண்டும் என்பதைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். பெயர் தவறாக எழுதப்பட்டால் கொடுத்த மொய் கொடுக்காத கணக்காகிவிடும். பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்கோ பெண் வீட்டாருக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு, விசேஷத்துக்கு முந்தின நாள். மறுநாள் அழைத்தால் அது சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

துக்க வீடு இந்தப் பட்டியலில் வராது. சாவுக்குப் போயே ஆக வேண்டும், அது எந்த நாளாக இருந்தாலும். என் கருத்தில் இதில் விலக்கே கூடாது. கருமாதிக்குப் போக முடியாவிட்டால்கூட முதல் நாள் போய் நின்றவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

3. ஊருக்குச் சொல்வதற்கு முன் வீட்டில் பேசி முடியுங்கள்

வீட்டில் சொன்ன வார்த்தை நிற்கும் ஆள் ஒருவர் இருப்பார். சில வீட்டில் அப்பா, சில வீட்டில் பாட்டி, கல்யாணமான பெண்களுக்குப் பெரும்பாலும் மாமியார். முதலில் அவரிடம் பேசுங்கள். எல்லோரையும் கூட்டி வைத்து அறிவிப்பதுபோல் பேசினால் அவருக்கு மனத்தாங்கல் வரும். காலண்டரைக் கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். "அத்தை, காலை நாலரை முதல் ஆறரை வரை, ராத்திரி எட்டு முதல் பத்து வரை. இந்த நேரத்தில் மட்டும் என்னை எதற்கும் கூப்பிட வேண்டாம். மற்ற நேரத்தில் எல்லா வேலையும் நான் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். மணி சொல்லிக் கேட்டால் கிடைக்கும். "படிக்க விடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் முதல் வாரம் கிடைக்கும், பிறகு கிடைக்காது.

விவசாய வீட்டில் மறுக்கவே கூடாத நாட்கள் சில உண்டு. எங்கள் வீட்டையே சொல்கிறேன். பட்டுப்புழு தன் கடைசிக் கட்டமான ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் சரியாக இருக்காது. அதுவரை தின்ற தழையைவிடப் பல மடங்கு அந்த ஒரு வாரத்தில் தின்னும். கொட்டகைக்குள் நின்றால் ஆயிரக்கணக்கான புழுக்கள் மல்பெரித் தழையைக் கடிக்கும் சத்தம் தூறல் விழுவதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும். தழை வெட்டி வர வேண்டும், போட வேண்டும், படுக்கை ஈரமாகாமல் பார்க்க வேண்டும். புழு பழுத்து உடம்பு கண்ணாடிபோல் ஆனதும் பொறுக்கி, அது கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விட வேண்டும். அதற்கு ஆள் போதவே போதாது. அந்த நேரத்தில் "எனக்கு மாதிரித் தேர்வு" என்று சொன்னால் அடுத்த பத்து மாதமும் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். நான் செய்தது, இளம்புழு வாங்கும் நாளிலேயே காலண்டரில் எண்ணி அந்த ஒரு வாரத்தைப் படிப்பில்லாத வாரம் என்று குறித்ததுதான். கூடு தருமபுரி அங்காடிக்குப் போன மறுநாளிலிருந்து என் நாலரை மணி எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. தக்காளி, மாங்காய், கேழ்வரகு அறுவடை என்று உங்கள் வீட்டில் எது உயிர்நாடியோ அதற்கு இதேபோல் நாள் ஒதுக்குங்கள்.

வீட்டில் பேசி முடிந்த பிறகு கிடைக்கும் பெரிய லாபம், வெளியாட்களுக்கு வீட்டாரே பதில் சொல்லத் தொடங்குவார்கள். வாசலில் யாராவது கூப்பிட்டால் "பாப்பா படிக்கிறது, ஆறரை மணிக்கு மேல் வாங்க" என்று பாட்டி சொல்லிவிட்டால் நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை.

4. சொல்லப்போகும் வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள்

முறை வைத்துக் கூப்பிடுங்கள், முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், பதிலுக்கு எது முடியும் என்று சொல்லுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

மாங்காய் லோடு ஏற்ற ஆள் குறைகிறது என்று மாமா கூப்பிட்டால்: "மாமா, இந்த ஞாயிறு வர முடியாதுங்க. காலையில் மாதிரித் தேர்வு இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்றால் வந்துவிடுகிறேன்."

ஒகேனக்கல்லுக்குக் கூட வரச் சொல்லிப் பெங்களூர் உறவினர் வந்தால்: "சித்தப்பா, நான் வரமுடியாது, தேர்வு கிட்டத்தில் இருக்கிறது. பென்னாகரம் வழியாகப் போங்கள். தண்ணீர் வரத்து அதிகமானால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் இங்கேதான் வர வேண்டும்." உங்களைக் கூட்டிப்போவதால் அவர்களுக்குக் கிடைக்கும் தகவல் எல்லாம் இதிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு முழு நாள் உங்களுக்கு மிச்சம்.

சொல்லக் கூடாதவையும் இருக்கின்றன. "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் அதற்குப் பாதிச் சம்மதம் என்று பொருள், அன்று காலை வண்டி வாசலில் வந்து நிற்கும். "உடம்பு சரியில்லை" என்று பொய் சொல்லாதீர்கள். பொய்யை ஒரு வாரம் காப்பாற்ற வேண்டும், அதற்கும் நேரம் ஆகும். இரண்டு மூன்று காரணங்களை அடுக்காதீர்கள். கேட்பவர் அவற்றில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்குத் தீர்வு சொல்லத் தொடங்குவார்.

"ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்ற கேள்வி நிச்சயம் வரும். விவாதிக்காதீர்கள். "ஆமாங்க மாமா, ஆனாலும் இந்த ஞாயிறு முடியாது" என்று முதலில் சொன்னதையே அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாவது முறை கேட்க மாட்டார்கள்.

விண்ணப்பம் எழுதித் தரும் வேலை தனி வகை. கிராமத்தில் ஒரு பிள்ளை படித்திருந்தால் பட்டா மாறுதல், குடும்ப அட்டை, உதவித்தொகை எல்லாம் அந்த வீட்டுத் திண்ணைக்கு வரும். இதை முற்றிலும் மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பாட்டிக்கு வேறு யாரும் இல்லை. ஒரு நாளும் நேரமும் ஒதுக்குங்கள்: சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஆறரை வரை. என்னென்ன நகல் கொண்டுவர வேண்டும் என்று அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள்: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இரண்டு புகைப்படம், கைப்பேசி. கைப்பேசி இல்லாமல் வந்தால் அதற்கு வரும் ரகசிய எண்ணை (ஓ.டி.பி.) வாங்க முடியாது, அந்த ஒரு காரணத்தாலேயே ஆள் இரண்டு முறை நடப்பார்.

5. பணம் கேட்டால்

சம்பளம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். தேர்வுச் செலவு, பஸ், புத்தகம், வருடத்துக்கான மொய் ஆகியவற்றை ஒரு கணக்கில் வைத்து, மீதியை மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போடுங்கள். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஆனால் அது 5 வருடத் திட்டம். தேர்வு வருடத்துக்கு மட்டும் என்றால் வங்கியில் ஒரு வருட வைப்பு போதும். கைமாற்று கேட்பவரிடம் "பணம் வைப்பில் இருக்கிறது, கையில் இல்லை" என்று உண்மையாகவே சொல்ல முடியும். கையில் வைத்துக்கொண்டு இல்லை என்பதைவிட இது நூறு மடங்கு நல்லது.

கொடுத்தே தீர வேண்டிய ஆளாக இருந்தால், திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். தேர்வு வருடத்தில் புதுச் சீட்டு எதிலும் சேராதீர்கள். 1982-ஆம் ஆண்டுச் சிட்நிதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யாத சீட்டு என்றால் எந்த வருடத்திலும் வேண்டாம், நடத்துபவர் சொந்த அத்தையாக இருந்தாலும்.

6. கையெழுத்து கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நேரம் போனால் அடுத்த தேர்வு வரும். கையெழுத்து போனால் வேலை கிடைத்த பிறகும் அதன் சுமை தொடரும்.

நிரந்தர வருமானம் உள்ள பிள்ளை என்று தெரிந்தவுடன் ஜாமீன் கையெழுத்து கேட்டு வருவார்கள். "பேருக்குத்தான், நான் கட்டிவிடுவேன்" என்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. வாங்கியவரிடம் கேட்டு முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. அந்தக் கடன் உங்கள் கடன் தகவல் அறிக்கையிலும் ஏறும். நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

உங்களிடம் கேட்கப்படும் தாள்களை வைத்தே விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஆதார் நகல் மட்டும் என்றால் ஒரு வேளை அறிமுகத்துக்காக இருக்கலாம். அதனுடன் பான் அட்டை, சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி அறிக்கை, கையெழுத்திட்ட காசோலை கேட்டால் அது ஜாமீன்தான், என்ன பெயர் சொன்னாலும். நிரப்பாத காசோலையை யாருக்கும் கொடுக்காதீர்கள். காசோலை பணமில்லாமல் திரும்பி வழக்கானால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை சிறையோ, தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அரசு வேலைக்குக் காத்திருப்பவருக்கு ஒரு வழக்கு என்றால் என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வருவாய் வில்லை ஒட்டிய வெற்றுப் புரோநோட்டும் இதே ரகம். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கோ சிம் கார்டோ எடுத்துத் தரச் சொல்லி, அதற்குப் பணமும் தருவதாகச் சொன்னால், கேட்பவர் நண்பனாக இருந்தாலும் அங்கேயே மறுத்துவிடுங்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் காவல் துறை உங்களைத்தான் தேடி வரும்.

சொல்ல வேண்டிய வாக்கியம்: "அண்ணா, கையெழுத்துப் போடும் விஷயத்தை வீட்டில் கேட்காமல் செய்வதில்லை என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாளை சொல்கிறேன்." மறுநாள் நீங்களே அழைத்து "வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நானும் போடுவதாக இல்லை" என்று முடித்துவிடுங்கள். அவர் அழைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காத்திருந்தால் அவர் ஆள் பிடித்துக்கொண்டு வருவார். அப்பாவிடம் இந்த வாக்கை இன்றைக்கே உண்மையாகக் கொடுத்துவையுங்கள்.

ஆதார் நகல் எதற்குக் கொடுத்தாலும் அதன் மேலேயே குறுக்காக, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே எங்காவது போட்டிருக்கிறீர்களோ என்று சந்தேகம் இருந்தால் கடன் தகவல் அறிக்கையைப் பாருங்கள். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

7. வேலை செய்யும் இடத்தில்

ஓசூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குக் கூடுதல் நேர வேலைதான் பெரிய சோதனை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது சட்டம், அந்தப் பணமும் பெரிய ஈர்ப்பு. எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லவில்லை. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்வரை வாரத்துக்கு ஒரு நாள் என்று வரம்பு வையுங்கள், பிறகு நிறுத்துங்கள். மேற்பார்வையாளரிடம் மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அவர் ஆள் மாற்றி வைத்துக்கொள்வார். ஷிப்ட் முடியும் நேரத்தில் சொன்னால் அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் கெட்ட பெயர்.

விடுப்பை எழுத்தில் கேளுங்கள். தேர்வுக் கூட அனுமதிச் சீட்டு வந்தவுடன் அதன் நகலை இணைத்துக் கடிதம் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அனுப்பிய செய்தியைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியும், கையெழுத்திட்ட தாளை அப்படிச் சொல்ல முடியாது.

8. மறுத்த பிறகு

கோபம் வரும். "படிக்கிறேன் என்று தலைக்கனம் வந்துவிட்டது" என்று ஒரு அத்தையாவது சொல்வார். முதல் இரண்டு மூன்று மறுப்புகள்தான் கடினம். ஊர் அதற்குப் பழகிக்கொள்ளும். கோபித்தவரிடம் விளக்கம் சொல்லி உறவினர் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதாதீர்கள். வழியில் பார்த்தால் முதலில் நீங்களே பேசுங்கள், அவர் வீட்டு விசேஷம் நன்றாக நடந்ததா என்று கேளுங்கள்.

மறுத்து மிச்சம் பிடித்த நேரத்தை அன்றைக்கே படிப்பில் போடுங்கள். கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் கைப்பேசியோடு படுத்திருந்ததை ஒரு சின்னப் பையன் பார்த்து வெளியில் சொன்னால் போதும், அடுத்த முறை உங்கள் காரணம் எடுபடாது. வீட்டில் படிக்க முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் மாறுங்கள். மாதிரித் தேர்வு முடிந்ததும் அங்கேயே உட்காரலாம். வார நாட்களில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் செலவும் ஆகாது.

தேர்வுக்கு முந்தின நாள் எந்த வீட்டு விசேஷமாக இருந்தாலும் வேண்டாம். கட்டாயம் போக வேண்டியவை என்று முதல் பிரிவில் எழுதிய விசேஷம் என்றால் மட்டும் மாலையில் தலைகாட்டிவிட்டு எட்டு மணிக்குள் வீடு வந்துவிட வேண்டும். அனுமதிச் சீட்டு, ஆதார் அட்டையின் அசலும் நகலும், கறுப்பு மை பந்துமுனைப் பேனா இரண்டு ஆகியவற்றை அன்று மாலையே ஒரு உறையில் போட்டுவையுங்கள். தேர்வு காலை 9.30-க்கு, 9 மணிக்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள். மையம் அரூரிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ விழுந்திருந்தால் முந்தின நாளே எத்தனை மணி பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று விசாரித்துவிடுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் பஸ்ஸில் கூட்டம் இருக்கும், முதல் பஸ்ஸிலேயே போங்கள். "நானும் அந்தப் பக்கம்தான், வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன், போகும் வழியில் ஒரு வேலை இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

தேர்வு முடிந்த வாரம் காலண்டரைத் திரும்ப எடுங்கள். மொய் மட்டும் அனுப்பிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் வாருங்கள், வெறும் கையோடு போகாமல் ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு. அதிகம் கோபித்தவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள். மற்ற வீடுகளுக்கு நீங்கள் வரும் செய்தியை அவரே சொல்லிவிடுவார்.